மலிவு விலை கேம் கீ: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை, வாங்கிய பின் செய்ய வேண்டியவை

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2,999 ரூபாய் போட்டிருக்கும் கேம் வேறொரு தளத்தில் 1,400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பணம் கட்டினால் 15 எழுத்துக் கீ ஒன்று வருகிறது, ஸ்டீமில் போட்டதும் கேம் லைப்ரரியில் ஏறிவிடுகிறது. பல சமயம் விஷயம் இதோடு முடிந்துவிடும், அதனால்தான் இந்தச் சந்தை இத்தனை ஆண்டுகளாக ஓடுகிறது. அப்படி முடியாதபோது என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, எந்தக் கட்டத்தில் எதைப் பார்த்தால் தப்பிக்கலாம் என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் ஸ்டீம் கீகளைப் பற்றியது. மற்ற தளங்களின் கீகளுக்கும் அடிப்படை இதுதான்.

கீ எப்படிப் பிறக்கிறது

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் கேம் தயாரிப்பாளர்களுக்குக் கீகளை இலவசமாகத் தருகிறது. ஸ்டீம் கடையிலேயே விற்றால் வழக்கமாக 30 சதவீதம் பங்கு எடுக்கும் வால்வ், வெளியே விற்கும் கீயில் பங்கு கேட்பதில்லை. தயாரிப்பாளர் அந்தக் கீகளைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பார்: ஒரு கட்டு அங்கீகாரம் பெற்ற கடைக்கு, ஒன்று பல கேம்களைத் தொகுப்பாக விற்கும் பண்டில் விற்பனைக்கு, ஒன்று விமர்சகர்களுக்கு. எந்தக் கட்டு யாருக்குப் போனது என்ற குறிப்பு அவரிடம் இருக்கும். ஒரு கீயைக் கொடுத்தால் அது எந்தக் கட்டைச் சேர்ந்தது, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியும். ஒரே ஒரு கீயையோ முழுக் கட்டையுமோ முடக்கவும் முடியும்.

மற்ற ஆபத்துகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை. கடையில் வாங்கிய புத்தகத்தைப் பதிப்பகம் வந்து பிடுங்கிக்கொண்டு போகாது. கேம் கீ அப்படியில்லை, கொடுத்தவர் நினைத்தால் ஆக்டிவேட் ஆன பிறகும் செல்லாததாக்கலாம்.

மலிவு எங்கிருந்து வருகிறது

போலந்தில் 2010ல் தொடங்கிய ஜி2ஏ, அதன் பின் வந்த கிங்குவின், எனிபா போன்றவை அடிப்படையில் கடைகள் அல்ல, சந்தைகள். கடை விரித்திருப்பவர்கள் வெளியாட்கள். ஆகவே ‘இந்தத் தளம் நம்பகமானதா’ என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். அந்த விற்பனையாளருக்கு இந்தக் கீ எப்படிக் கிடைத்தது என்பதே உண்மையான கேள்வி. அதற்கான பதிலைச் சந்தை உங்களுக்குச் சொல்வதில்லை.

சில கீகள் பண்டிலில் மிஞ்சியவை. பத்து கேம் சேர்ந்த தொகுப்பை வாங்கியவர் வேண்டாத ஏழு கேம்களின் கீகளை விற்றுவிடுகிறார். பண்டில் கடைகளின் விதி இதை அனுமதிக்காது, இருந்தாலும் கீ பெரும்பாலும் வேலை செய்யும். சில கீகள் விலை குறைந்த நாடுகளில் மொத்தமாக வாங்கியவை. அவற்றில் ரீஜன் லாக், அதாவது குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே ஆக்டிவேட் ஆகும் கட்டுப்பாடு, இருக்கலாம். இன்னும் சில, பிரபல யூடியூபர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, ‘விமர்சனம் செய்கிறேன், மூன்று கீ அனுப்புங்கள்’ என்று சின்னத் தயாரிப்பாளர்களிடம் ஏமாற்றி வாங்கியவை. தயாரிப்பாளருக்கு உண்மை தெரிந்த அன்றே அவை முடங்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது திருட்டுக் கார்டு. திருடிய கார்டு எண்களை வங்கிக் கணக்கு வழியாகப் பணமாக்கினால் தடயம் நிற்கும். ஒரு சின்னத் தயாரிப்பாளரின் இணையக் கடையில் கீ வாங்கினால் பொருள் நொடியில் மின்னஞ்சலுக்கு வந்துவிடுகிறது, வீட்டு முகவரி வேண்டாம், கூரியரும் வேண்டாம். அன்றைக்கே அதைப் பாதி விலைக்குச் சந்தையில் போடுகிறார்கள். முதல் போடாதவனுக்குப் பாதி விலையும் முழு லாபம். கார்டின் சொந்தக்காரர் மாத ஸ்டேட்மென்ட்டில் கவனித்து வங்கியிடம் முறையிடுவார். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. வங்கி பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். இதுதான் சார்ஜ்பேக். தயாரிப்பாளருக்கு விற்ற பணமும் போய், ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் தனிக் கட்டணமும் விழும். 10 டாலர் கேமுக்கு 15, 20 டாலர் கட்டணம் கட்ட நேரும்போது அவர் செய்யக்கூடியது அந்தக் கீயை முடக்குவதுதான். அந்தக் கேமை அதற்குள் நீங்கள் மூன்று மாதம் விளையாடியிருப்பீர்கள்.

‘வாங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை’ என்ற கணக்கு இங்கே செல்லாது. சந்தை தரும் பாதுகாப்புத் திட்டம் எத்தனை நாளுக்கு என்று பார்த்து, இந்த 120 நாளோடு ஒப்பிடுங்கள்.

இப்படி நடந்திருக்கிறது. 2013 ஜனவரியில் நேச்சுரல் செலக்ஷன் 2 கேமைத் தயாரித்த அன்நோன் வேர்ல்ட்ஸ், திருட்டுக் கார்டில் வாங்கப்பட்ட 1,341 கீகளை முடக்கியது. 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட், ஃபார் க்ரை 4 கேமைப் பல பேரின் லைப்ரரியிலிருந்து நீக்கியது. மோசடிக் கார்டு மூலம் ஒரிஜின் கடையில் வாங்கிய கீகள் அவை. எதிர்ப்பு எழுந்த பிறகு, ஏற்கெனவே ஆக்டிவேட் செய்து விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தது. 2016ல் கேம் வெளியீட்டு நிறுவனமான டைனிபில்ட், தன் கேம் கீகள் ஜி2ஏயில் ஏறத்தாழ 2 லட்சம் டாலருக்கு விற்றிருப்பதாகவும் அவற்றின் கடை மதிப்பு சுமார் 4.5 லட்சம் டாலர் என்றும் சொன்னது. ஜி2ஏ அதை மறுத்தது. ஃபேக்டோரியோ கேமைத் தயாரித்த வூப் மென்பொருள் நிறுவனத்தின் விஷயத்தில் மறுக்க முடியவில்லை. திருட்டுக் கீ விற்றதாக நிரூபித்தால் சார்ஜ்பேக் இழப்பைப் போல பத்து மடங்கு தருவதாக 2019ல் ஜி2ஏ அறிவித்திருந்தது. 2020 மே மாதம், 198 திருட்டுக் கீகள் தன் சந்தையில் விற்றதை ஒப்புக்கொண்டு 39,600 டாலர் கொடுத்தது.

படி 1: விற்பது கீதானா என்று பாருங்கள்

அதிகம் பேர் விழுவது இங்கேதான். தேடல் முடிவில் மிக மலிவாக மேலே நிற்பது பெரும்பாலும் கீயாக இருக்காது. தலைப்பின் கடைசியில் சின்ன எழுத்தில் ‘ஸ்டீம் அக்கவுண்ட்’, ‘ஸ்டீம் கிஃப்ட்’, ‘ஆஃப்லைன் ஆக்டிவேஷன்’ என்று ஏதாவது ஒட்டியிருக்கும். தலைப்பைக் கடைசிச் சொல் வரை படியுங்கள்.

அக்கவுண்ட் என்றால், கேம் இருக்கும் யாரோ ஒருவரின் ஸ்டீம் கணக்குக்கான பெயரும் பாஸ்வேர்டும். மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டால் கணக்கு நம்முடையது என்று நினைக்க வேண்டாம். கணக்கை மீட்க ஸ்டீம் சப்போர்ட் கேட்பது அதில் முதலில் ஆக்டிவேட் செய்த கீ, பணம் கட்டிய கார்டு விவரம் போன்ற சான்றுகளை. அவை விற்றவர் கையில் இருக்கின்றன. அவர் எப்போது வேண்டுமானாலும் கணக்கைத் திரும்ப எடுத்து வேறொருவருக்கு விற்கலாம். கணக்கை விற்பதும் வாங்குவதும் ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்பதால் உங்களுக்கு முறையிட இடமே கிடையாது.

ஆஃப்லைன் ஆக்டிவேஷன் இதன் இன்னும் தாழ்ந்த வடிவம். ஒரே கணக்கைப் பல பேருக்குக் கொடுத்து, ‘ஒருமுறை உள்ளே போய் டவுன்லோட் செய்து, ஆஃப்லைன் மோடுக்கு மாறிவிடு’ என்பார்கள். டெனுவோ என்ற திருட்டுப் பிரதித் தடுப்பு உள்ள கேம்களில் ஒரு நாளைக்கு இத்தனை கணினி என்ற வரம்பு இருப்பதால், கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்குக் கேம் திறக்காது. அப்டேட் வந்தால் மறுபடி விற்பவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

கிஃப்ட் என்றால், விற்பவர் உங்களை நண்பராகச் சேர்த்து ஸ்டீம் வழியாக அனுப்புவது. விலை வித்தியாசம் அதிகமுள்ள நாடுகளுக்கிடையே கிஃப்ட் அனுப்புவதை வால்வ் 2017ல் தடுத்துவிட்டது. அனுப்பியவரின் பணம் பின்னால் சார்ஜ்பேக் ஆனால் உங்கள் லைப்ரரியிலிருந்து கேம் போய்விடும்.

எங்கள் தீர்ப்பு: அக்கவுண்ட், ஆஃப்லைன் இரண்டையும் எந்த விலைக்கும் தொட வேண்டாம்.

படி 2: ரீஜன்

விற்பனைப் பக்கத்தில் ‘குளோபல்’ என்றிருந்தாலும் கீழே ‘எந்த நாடுகளில் ஆக்டிவேட் ஆகும்’ என்ற பட்டியலைத் திறந்து இந்தியா இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆர்ஓடபிள்யூ’ என்று போட்டால் ‘மீதி உலகம்’ என்று பொருள். அந்த மீதியில் எந்த நாடு விடுபட்டிருக்கிறது என்பது கேமுக்குக் கேம் மாறும்.

‘துருக்கி விபிஎன் போட்டு ஆக்டிவேட் செய்யவும்’ என்று விற்பனையாளர் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இருப்பிடத்தை மறைத்து வாங்குவதை ஸ்டீம் ஒப்பந்தம் தடை செய்கிறது. அதில் பறிபோகக்கூடியது ஒரு கேம் மட்டுமில்லை, பத்து ஆண்டாகச் சேர்த்த கணக்கு. துருக்கி, அர்ஜென்டினா கடைகளில் 2023 நவம்பரில் உள்ளூர் நாணய விலை போய் டாலர் விலை வந்துவிட்டதால் பழைய லாபமும் குறைந்துவிட்டது.

படி 3: உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

பட்டியலில் காட்டும் விலை நீங்கள் கட்டப்போகும் விலை அல்ல. ஒரு கணக்கு: கீ 1,400 ரூபாய். பணம் கட்டும் பக்கத்தில் சேவைக் கட்டணம் 150 ரூபாய் ஏறுகிறது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் இந்திய வங்கிகள் பலவும் 3.5 சதவீத மாற்றுக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடும்: 1,550 ரூபாய்க்கு அது 64 ரூபாய். மொத்தம் 1,614. ‘பாதுகாப்பு’ என்ற கூடுதல் திட்டத்தைத் தேர்ந்தால் இன்னும் ஏறும். சில சந்தைகளில் மாதச் சந்தா ஒன்று டிக் போட்டபடியே வரும். அந்த டிக்கை எடுக்காவிட்டால் அடுத்த மாதமும் கார்டில் பணம் பிடிப்பார்கள்.

இப்போது அந்த 1,614ஐ ஸ்டீமின் இன்றைய விலையோடு ஒப்பிடாதீர்கள். அந்தக் கேம் இதுவரை போன குறைந்தபட்ச விலையோடு ஒப்பிடுங்கள். ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் பெயரைப் போட்டு இந்திய ரூபாய் வரிசையைப் பார்த்தால் அது தெரியும். கோடை விற்பனையில் 1,499க்கு வந்த கேம் என்றால், மலிவு என்று நீங்கள் நினைத்தது உண்மையில் அதிக விலை. இந்திய ரூபாய் விலை ஸ்டீமில் 2015லிருந்தே இருக்கிறது. ஐரோப்பியருக்கு லாபமாகத் தெரியும் கீ நமக்குப் பல சமயம் லாபமே இல்லை. இலங்கை வாசகர்களுக்கு ஸ்டீமில் உள்ளூர் நாணயம் கிடையாது, டாலரில்தான் விலை. அவர்கள் டாலர் வரிசையைப் பார்க்க வேண்டும்.

படி 4: கடை அங்கீகாரம் பெற்றதா

விலை ஒப்பிடும் தளங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ‘ஈஸ் தேர் எனி டீல்’ அங்கீகாரம் பெற்ற கடைகளை மட்டுமே காட்டும். ‘ஜிஜி டீல்ஸ்’ அதிகாரபூர்வக் கடைகளைத் தனியாகவும் கீ சந்தைகளைத் தனியாகவும் பிரித்துக் காட்டும். ‘ஆல்கீஷாப்’ இரண்டையும் கலந்து கொடுக்கும். முதல் தளத்தில் நீங்கள் பார்க்கும் கடை இல்லையென்றால் எச்சரிக்கை. ஹம்பிள், ஃபனாட்டிக்கல், க்ரீன் மேன் கேமிங், கேம்ஸ்பிளானெட், கேமர்ஸ்கேட் போன்றவை வெளியீட்டாளரிடம் நேரே கீ வாங்கி விற்பவை. சந்தேகம் தீராவிட்டால் கேமின் சொந்த இணையதளத்தில் வாங்கும் பொத்தானை அழுத்தி, எந்தக் கடைகளுக்கு அழைத்துப் போகிறது என்று பாருங்கள்.

டெலிகிராம், இன்ஸ்டாகிராம், டிஸ்கார்டில் யுபிஐ எண்ணைக் கொடுத்து விற்பவர்கள் சந்தைக்கும் கீழே. அங்கே இடையில் நிற்க யாருமே இல்லை.

படி 5: பணம் கட்டும் விதம்

இத்தனைக்குப் பிறகும் சந்தையில்தான் வாங்குவது என்று முடிவெடுத்தால், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சார்ஜ்பேக் கேட்கும் வழி அதில்தான் தெளிவாக இருக்கிறது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்து, உச்சவரம்பைக் கேம் விலைக்குச் சற்று மேலே வைத்து, முடிந்ததும் மூடிவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும். கார்டைத் தளத்தில் சேமிக்க வேண்டாம். கிரிப்டோவிலோ கிஃப்ட் கார்டிலோ கட்டிய பணம் திரும்ப வராது.

படி 6: கீயைத் திறப்பது

பெரும்பாலான சந்தைகளில் ‘கீயைக் காட்டு’ என்பதை அழுத்திய பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்க முடியாது. அதே சமயம், ஒரே கீ இரண்டு பேருக்கு விற்கப்பட்டிருந்தால் முந்துபவருக்குத்தான் கேம். ஆகவே ஸ்டீமைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு, திரைப்பதிவை ஓடவிட்டு, கீயைக் காட்டச் சொல்லி உடனே போடுங்கள். ஆர்டர் எண், கீ, ஸ்டீம் தந்த பதில் மூன்றும் வெட்டு இல்லாத ஒரே பதிவில் இருக்கட்டும்.

ஸ்டீமின் மேல் வரிசையில் ‘கேம்ஸ்’ மெனுவுக்குள் ‘ஆக்டிவேட் எ ப்ராடக்ட் ஆன் ஸ்டீம்’ இருக்கிறது. கீ ஐந்து ஐந்து எழுத்தாக மூன்று பகுதியாக இருக்கும். செல்லாத கீ என்று வந்தால் முதலில் ஓ எழுத்தும் பூஜ்யமும், ஐ எழுத்தும் 1 என்ற எண்ணும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். படமாக அனுப்பப்பட்ட கீயில் இது அடிக்கடி நடக்கும். வேறொரு கணக்கில் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகிவிட்டது என்றால் இரட்டை விற்பனை. உங்கள் நாட்டில் கிடைக்காது என்றால் ரீஜன் லாக். இன்னொரு கேம் தேவை என்று கேட்டால், நீங்கள் வாங்கியது முழுக் கேம் அல்ல, அதற்கான கூடுதல் பகுதி (டிஎல்சி). பல தடவை தவறாகப் போட்டால் ஸ்டீம் சிறிது நேரம் பூட்டிவிடும், ஒரு மணி நேரம் பொறுத்து முயலுங்கள்.

ஸ்டீம் கீ போட ஸ்டீம் செயலியோ ஸ்டீம் இணையதளமோ போதும். வேறு எதுவும் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது ஒரு புது மோசடி பரவியிருக்கிறது. கீயோடு ஒரு குறிப்பும் வரும்: ஆன்டிவைரஸை அணை, பவர்ஷெல்லை (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவி) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திற, இந்த ஒரு வரியை ஒட்டி என்டர் தட்டு, பிறகு கீயைப் போடு. அந்த ஒரு வரி வெளியிலிருந்து கோப்பை இறக்கி ஸ்டீம் செயலியையே மாற்றிவிடும். லைப்ரரியில் கேம் தெரியும், டவுன்லோடும் ஆகும். ஆனால் உங்கள் கணக்கில் அந்தக் கேம் இல்லை. வேறு கணினியில் உள்ளே போனால் காணாமல் போகும். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு யாரோ எழுதிய நிரல் உங்கள் கணினியில் ஓடியிருக்கிறது என்பதுதான் இதில் பெரிய சேதம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் வரை எதுவும் அதன் கைக்கு எட்டும். தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போட்டு ‘நானே ஆக்டிவேட் செய்து தருகிறேன்’ என்பதும் இதே ரகம்.

படி 7: லைசென்ஸ் பக்கத்தில் சரிபாருங்கள்

ஆக்டிவேட் ஆன கையோடு, ஸ்டீமில் உங்கள் பெயரை அழுத்தி ‘அக்கவுண்ட் டீடெயில்ஸ்’ போய், லைசென்ஸ்களையும் கீ ஆக்டிவேஷன்களையும் காட்டும் பக்கத்தைத் திறங்கள். தேதி, பொருள், எந்த வழியில் வந்தது என்று மூன்று நெடுவரிசை இருக்கும். கீ மூலம் வந்த கேமுக்கு நேரே ‘ரீடெயில்’ என்றிருக்க வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் மேலே சொன்ன போலி வேலை நடந்திருக்கிறது. உடனே கணினியின் இணையத்தைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து ஸ்டீம், மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். ஸ்டீமை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி போடுவது போதாது, விண்டோஸையே புதிதாகப் போடுவதுதான் பாதுகாப்பு.

கேம் பறிபோனால்

ஸ்டீமின் 14 நாள், 2 மணி நேர ரீஃபண்ட் விதி வெளியே வாங்கிய கீக்குப் பொருந்தாது. எனவே அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். லைசென்ஸ் பக்கத்தையும் ஸ்டீம் அனுப்பிய அறிவிப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் சந்தையின் புகார்ப் பகுதியில் எழுதுங்கள். அதே நாளில் கேம் தயாரிப்பாளருக்கும் கீயை அனுப்பி, அது எந்தக் காரணத்துக்காக முடக்கப்பட்டது என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்களுக்கு வேறு கீ தரும் கடமை அவருக்கு இல்லை, அவரும் பணம் இழந்தவர்தான். ஆனால் ‘மோசடிப் பரிவர்த்தனையில் வந்த கீ’ என்று அவர் ஒரு வரி எழுதித் தந்தால், சந்தையிடமும் வங்கியிடமும் அதைவிட வலுவான சான்று கிடையாது.

சந்தை கைவிரித்தால் வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். காரணமாக ‘பொருள் சொன்னபடி இல்லை’ என்பதைத் தேர்ந்து திரைப்பதிவையும் கடிதங்களையும் இணையுங்கள். ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்று எக்காரணம் கொண்டும் எழுத வேண்டாம். அது பொய், வங்கி பதிவுகளைப் பார்த்ததும் உங்கள் நியாயமான புகாரும் சேர்ந்து தள்ளுபடியாகும். யுபிஐயில் தனி ஆளுக்கு அனுப்பி ஏமாந்திருந்தால் 1930 எண்ணை உடனே அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணம் எதிராளியின் கணக்கிலிருந்து வெளியேறும் முன் நிறுத்தி வைக்க முடியுமா என்பது முதல் சில மணி நேரத்தில் தீர்மானமாகிவிடும்.

முறையான வழியில் மலிவாக வாங்க

ஸ்டீமின் பெரிய விற்பனைகள் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வருகின்றன. கேமை விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டால் விலை இறங்கும்போது மின்னஞ்சல் வரும். யுபிஐயில் ரூபாயாகவே கட்டலாம், மாற்றுக் கட்டணம் கிடையாது, பிடிக்காவிட்டால் ரீஃபண்டும் உண்டு. ‘ஈஸ் தேர் எனி டீல்’ தளத்தில் நீங்கள் கொடுக்க நினைக்கும் விலையைக் குறித்து வைத்தால், ஏதாவது ஒரு அங்கீகாரக் கடையில் அந்த விலை வந்ததும் தகவல் வரும். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி விளையாடுகிறார்கள் என்றால் ஸ்டீம் ஃபேமிலியில் ஆறு பேர் வரை சேர்ந்து, பகிர அனுமதியுள்ள கேம்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு கேம் விளையாடும்போது மற்றவர் வேறொன்று விளையாடத் தடையில்லை. எபிக் கடையில் வியாழக்கிழமை தோறும் இலவச கேம் மாறுகிறது. இந்திய நேரப்படி கோடையில் இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. எடுத்துக்கொண்டால் அது உங்கள் கணக்கிலேயே இருக்கும்.